மஞ்சள் கட்டிய சிலிண்டர்கள்

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று முதல் தீப் பாதுகாப்புக்கும் நானே பொறுப்பு. கேன்டீன், குழந்தைகள் காப்பகம், பெண்கள் புகார்ப் பெட்டி, கழிப்பறைச் சாவி, இவற்றோடு இதுவும். மேனேஜர் தெய்வசிகாமணி கூப்பிட்டு, "மேடம், அடுத்த மாசக் கடைசியில நம்ம துணி வாங்குற வெளிநாட்டு பையரோட ஆடிட் வருது. ஃபயர் டீம் எங்கன்னு கேப்பாங்க. நீங்கதான் நல்லாப் பேசுவீங்க, எடுத்துக்கோங்க" என்றார். நன்றாகப் பேசுகிறவளுக்கு ஒரு பனியன் கம்பெனியில் கிடைக்கும் பரிசு இதுதான்.

மூன்று தளங்களையும் சுற்றிப் பார்த்தேன். கீழே கட்டிங். முதல் மாடியில் தையல். இரண்டாம் மாடியில் அயர்னும் பேக்கிங்கும். சுவருக்குச் சுவர் சிவப்பு சிலிண்டர்கள் கொக்கியில் தொங்குகின்றன. ஒன்றின்மேல் யாரோ சாப்பாட்டுத் தூக்கை மாட்டியிருந்தார்கள். இன்னொன்றின் குழாயில் ஒரு துப்பட்டா காய்ந்துகொண்டிருந்தது. யாருடையது என்று அதட்டினேன்.

"என்றதுங் மேடம். மழைல நனைஞ்சுபோச்சுங்" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே வந்து எடுத்தாள். அயர்ன் மேசைக்காரி துளசிமணி. வாய் காதுவரைக்கும் இருந்தது. திட்டப் போனவள் திட்டாமலே திரும்பினேன்.

செப்டம்பர் 6, சனி

மொட்டை மாடியில் பயிற்சி. தீயணைப்பான் விற்கும் கடையிலிருந்து முபாரக் என்ற இளைஞர் வந்திருந்தார். சூப்பர்வைசர்களுக்கு மட்டும்தான் அவர் சொல்லித்தருவார். தொழிலாளர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். பேச்சு சுருக்கமாக இருந்தது, எனக்குப் பிடித்தது.

"நாலு வேலைதான். ஒண்ணு, பின்னைப் பிடுங்கு. ரெண்டு, தீயோட அடியைக் குறி வை, மேல எரியிற கொழுந்தை இல்லை. மூணு, பிடியை அமுக்கு. நாலு, பெருக்குற மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வீசு." கரன்ட் தீயாக இருந்தால் முதலில் மெயினை அணைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

முடிந்துவிட்டது என்று எழுந்தோம். அவர் கையைக் காட்டி உட்காரவைத்தார்.

"அஞ்சாவது ஒண்ணு இருக்கு. அதுதான் முக்கியம். உங்க முதுகுக்குப் பின்னாடி எப்பவும் வெளிய போற வழி இருக்கணும். ஒரு ஆளுக்கு ஒரு சிலிண்டர். அது தீர்றதுக்குள்ள தீ அணையலேன்னா, சிலிண்டரைப் போட்டுட்டு வெளிய வந்துடுங்க. ரெண்டாவது எடுக்காதீங்க. அதுக்கு மேல அது உங்க வேலை இல்லை, ஃபயர் சர்வீஸ் வேலை."

பயிற்சிக்காகத் தட்டில் மூட்டிய ஒரு தீயை நான் அணைத்தேன். வெள்ளைப் பொடி சேலையெல்லாம். வீட்டில் அவர் பார்த்துவிட்டு, மாவு மில்லுக்குப் போனாயா என்று கேட்டார்.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று என் முறை. தளத்துக்கு ஒரு டீம், டீமுக்கு நான்கு பேர். லைன் நிற்கக் கூடாது என்பதால் சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம் கொடுத்தார் மேனேஜர். பத்து நிமிடத்தில் என்ன சொல்ல முடியும்? எதை விடலாம் என்று அவரிடமே கேட்டேன். ஐந்தாவதைக் கேட்டதும் சிரித்தார்.

"ஓடறதுக்கு யாராவது சொல்லித் தரணுமா மேடம்? அது அவுங்களுக்கே வரும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஓடு ஓடு என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அணைப்பதற்கு எவள் நிற்பாள்? ஆகவே நான்கோடு நிறுத்தினேன். நன்றாக வந்தது. கடைசியில் ஒரு வேகத்தில், "தீ அணையிற வரைக்கும் விடக் கூடாது, தெரிஞ்சுதா?" என்று முடித்தேன். கை தட்டினார்கள். இந்த வாக்கியம் முபாரக் சொன்னதில்லை, என்னுடையது. அவர் பேச்சைவிட இதில் உயிர் இருந்தது என்று எனக்கே தோன்றியது.

முதலில் பெயர் கொடுத்தவள் துப்பட்டாக்காரி துளசிமணி.

செப்டம்பர் 13, சனி

டீம்களுக்கு மொட்டை மாடியில் செய்முறை. பெண்கள் எல்லாரும் வீலென்று கத்திக்கொண்டு பின்னால் போக, துளசிமணி மட்டும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். பின்னைப் பிடுங்கினாள், அடியைக் குறி வைத்தாள், பெருக்கினாள். தட்டில் இருந்த தீ இருந்த இடம் தெரியவில்லை.

"லீலாக்கா, பாத்தீங்களா? அணையிற வரைக்கும் விடலைங்!"

மேடம் போய் அக்கா வந்துவிட்டது. நானும் விட்டுவிட்டேன். புஷ்பலீலா என்று முழுப் பெயரைச் சொல்ல இங்கே யாருக்கும் பொறுமை இல்லை. அவள் கையில் சிலிண்டரைக் கொடுத்து ஒரு போட்டோ எடுத்தேன். ஆடிட்டுக்கு ஆகும்.

செப்டம்பர் 18, வியாழன்

துளசிமணி என்னைத் தேடிக் கீழே வந்தாள். அவளுடைய அயர்ன் மேசைக்குப் பக்கத்துப் பிளக் பாயின்ட்டிலிருந்து வாடை வருகிறதாம். போய்ப் பார்த்தேன். பாயின்ட்டின் ஓரம் தோசைக் கருகலைப் போலப் பழுப்பேறியிருந்தது. மூக்கை வைத்தால் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. அதற்கு நேர் கீழே பாலிதீன் பை கட்டுகள், அதற்கும் அடுத்து அட்டைப் பெட்டிகள்.

எலக்ட்ரீசியன் சென்னியப்பனைக் கூப்பிட்டேன். பார்த்தான், தலையை ஆட்டினான், கறுப்பு டேப்பைச் சுற்றினான்.

"பாயின்ட்டையே மாத்தோணுங் மேடம். சாமானம் வரட்டுங்."

பைகளைத் தள்ளி வைக்கச் சொன்னேன். தள்ளினார்கள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பைகள் பழைய இடத்துக்கே வந்துவிட்டன. திரும்பவும் தள்ளச் சொன்னேன். பிளக் பாயின்ட் மாற்றவில்லை. ஒரே தலைவலி, சீக்கிரம் வீட்டுக்கு வந்து கஷாயம் குடித்தேன்.

செப்டம்பர் 27, சனி

வாடை இப்போது படியேறும்போதே வருகிறது. மற்ற பெண்களுக்குப் பழகிப்போய்விட்டது, தெரியவில்லை என்கிறார்கள். துளசிமணிக்கு மட்டும் தெரிகிறது, எனக்கும் தெரிகிறது. மேனேஜரிடம் சொன்னேன். ஷிப்மென்ட் புதன்கிழமை போக வேண்டும், அதுவரை அந்த மேசை நிற்க முடியாது என்றார். புதன்கிழமை ஆயுத பூஜை ஆயிற்றே என்றேன். "பூசை மத்தியானத்தோட முடிஞ்சிரும் மேடம்" என்றார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கம்பெனி முழுக்கக் கழுவல். தையல் மெஷின்களுக்கு எண்ணெய், கத்தரிக்கோல்களுக்குச் சாணை. மதியம் நான் கேன்டீன் கணக்கை முடித்துவிட்டு வெளியே வந்தால், மூன்று தளத்துச் சிலிண்டர்களும் முற்றத்தில் வரிசையாக நிற்கின்றன. சென்னியப்பனும் துளசிமணியும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். புதுசுபோலப் பளபளத்தன.

"இதையுமா?" என்றேன்.

"நம்ம சாமானம்தானுங்களே லீலாக்கா. வருசம் பூரா செவுத்துல தொங்குதுங். அதுக்கும் ஒரு நாளு வேண்டாமா?" என்றாள் துளசிமணி.

கீழ்த்தளத்து ஹாலில் சாமி படங்களுக்கு முன்னால் அடுக்குவார்களாம். எப்போது திரும்பக் கொக்கிக்குப் போகும் என்று கேட்டேன். சென்னியப்பன்தான் பதில் சொன்னான்.

"பூசையில வெச்சத அன்னைக்குத் தொடக் கூடாதுங் மேடம். மறாநாள் காலைல மறுபூசை போட்டுத்தானுங் எடுக்கோணும். என்ற டெஸ்டரு, கட்டிங் பிளேயரு எல்லாமே அங்கதான் இருக்கும். அதான் அந்தப் பாயின்ட்டயும் வியாழக்கிழமை மாத்திப்போடறேனுங்."

எனக்கு வாய்வரை வந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் சுவரெல்லாம் வெறுங்கொக்கியாக இருக்கும் என்று சொல்ல வந்தேன். ஆனால் நான் கிறிஸ்தவள். போன வருடம் எனக்கு ஜுரம், பூஜைப் பொரியைத் தொடவில்லை. அதற்கே, "அவுங்க வேதக்காரங்க, நம்ம சாமிய ஒதுக்கறாங்க" என்று பேச்சு கிளம்பி அடங்க ஒரு மாதம் ஆனது. இந்த வருடம் நானே போய், உங்கள் பூஜையிலிருந்து அதை எடு இதை எடு என்றால்? சும்மா இருந்தேன். ஒரு நாள்தானே.

அக்டோபர் 1, புதன்

எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். துளசிமணியைத் தவிர.

பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள். உயிர் இருக்கிறது. கர்த்தாவே, இருக்கட்டும்.

அக்டோபர் 2, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். பிறகு கேட்பார்கள்.

பூஜை நன்றாக நடந்தது. சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக நின்றன, சந்தனம், குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு, மேலே செவ்வந்தி மாலை. பொரி, சுண்டல் கொடுத்தார்கள். நான் எல்லார் கண்ணிலும் படும்படி வாங்கித் தின்றேன். தையல்காரர்கள் கிளம்பிப் போனார்கள். பேக்கிங் பெண்களை மட்டும் மேனேஜர் நிறுத்தினார். மெஷின் ஓட்டவில்லையே, கையால் பெட்டி ஒட்டுவதுதானே, பூஜைக்குக் குற்றமில்லை என்றார். சில பனியன்கள் கசங்கியிருந்தன. ஒரே ஒரு அயர்ன் பெட்டியை மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னார். துளசிமணியின் மேசையில் போட்டார்கள்.

நான் கேட் பக்கம் இருந்தேன். மேலேயிருந்து சத்தம் வந்தது. பாயின்ட்டிலிருந்து பொறி பறந்து பாலிதீன் பைகளில் விழுந்திருக்கிறது. அப்போது தீ ஒரு முறத்தளவுதான் இருந்தது என்று பெண்கள் சொன்னார்கள். எல்லாரும் திரும்பிச் சுவரைப் பார்த்திருக்கிறார்கள். கொக்கி.

துளசிமணி மெயினை அணைத்தாள். அத்தனை பேரையும் படியில் இறக்கிவிட்டாள். கடைசியாக அவள் கீழே வந்தபோது நான் ஹால் வாசலுக்கு வந்துவிட்டேன். நேரே பூஜைக்குப் போய் ஒரு சிலிண்டரைத் தூக்கினாள். "தொடாத புள்ள, பூசை!" என்று ஒரு கிழவர் கத்தினார். அவள் நிற்கவில்லை. மாலை படியெல்லாம் உதிர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

இரண்டு மாடி இறங்கி, இரண்டு மாடி ஏறி அவள் போவதற்குள் பெட்டிகள் பிடித்துவிட்டன. சிலிண்டர் தீர்ந்து திரும்பி இறங்கி வந்தாள். முகமெல்லாம் வெள்ளைப் பொடி. "பாதி அணைஞ்சுதுங்க்கா. இன்னொண்ணு இருந்தாப் போதும்" என்றாள். யாரோ ஒரு சிலிண்டரை எடுத்துக் கொடுத்தார்கள். கூட்டத்தில் யாரென்று கவனிக்கவில்லை. அவள் மேலே ஓடினாள்.

அதற்கப்புறம் படி முழுக்கக் கரும்புகை. அவள் கீழே இறங்கி வரவில்லை. ஃபயர் சர்வீஸ்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிடித்த சிலிண்டரை அவள் விடவில்லை, விரல்களைப் பிரித்து எடுத்தார்களாம்.

முபாரக் சொன்ன நான்கையும் அவள் சரியாகவே செய்திருக்கிறாள்.

என் உள்ளங்கையில் மஞ்சள் ஒட்டியிருக்கிறது. இரண்டு தரம் சோப்புப் போட்டும் போகவில்லை.

அக்டோபர் 4, சனி

ஆஸ்பத்திரி. தொண்டையில் குழாய் போட்டிருக்கிறார்கள். உள்ளே புகை சுட்டுவிட்டதாம். கைகளிலும் முதுகிலும் கட்டு. கண்ணாடி வழியாகத்தான் பார்க்க விட்டார்கள். அவள் வீட்டுக்காரர் பெரியசாமி விசைத்தறிக்குப் போகிறவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலியைக் கொடுத்தார்.

"வூட்டுல ஒரே உங்க பேச்சுத்தானுங். லீலாக்கா சொல்லிக் குடுத்தாங், லீலாக்கா சொல்லிக் குடுத்தாங்னு அடுப்பு முன்னால நின்னு தொடப்பக்கட்டைய வெச்சு செஞ்சு காட்டுவாளுங்."

நான் உட்காரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன். பஸ் நிறையவே இருந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். கண்ணாடி போட்ட, குரலை உயர்த்தாத மனிதர். கொக்கிகளைப் பார்த்தார். கருகிப்போன இரண்டாம் மாடியைப் பார்த்தார். கடைசியாக என்னை உட்காரவைத்தார். மேனேஜர் என் பக்கத்தில் இருந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு நீங்கதான் பயிற்சி குடுத்தீங்களா?"

"ஆமா சார்."

"எப்ப விட்டுட்டு வெளிய வரணும்னு சொன்னீங்களா?"

மேனேஜர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னேன் சார். ஒரு சிலிண்டர்தான், ரெண்டாவது எடுக்கக் கூடாதுன்னு தெளிவாச் சொன்னேன்."

எழுதிக்கொண்டார். அவர் போனபின் மேனேஜர் எனக்கு டீ வரவழைத்தார். சொன்னதை மீறி அவளாகவே போயிருந்தால் கம்பெனிமேல் தப்பில்லை, நஷ்ட ஈடு கேட்டு வந்தாலும் நிற்காது என்று வக்கீல் சொல்கிறாராம். "நல்ல வேளை மேடம், நீங்க சொல்லியிருந்தீங்க" என்றார். சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியும். டீ நன்றாகத்தான் இருந்தது. குடித்து முடித்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

புதுச் சிலிண்டர்கள் வந்தன. முபாரக்கே வந்து மாட்டினார். "அஞ்சாவதைச் சொன்னீங்கல்ல மேடம்?" என்று கேட்டார். போன் வந்ததுபோல வெளியே போய்விட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

கோவில் ஆராதனையில் துளசிமணிக்காக ஜெபக் குறிப்புக் கொடுத்தேன். பாதிரி ஐயர் பெயரை வாசித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அவள் பிழைக்க வேண்டும் என்று உண்மையாகவே வேண்டிக்கொண்டேன். பிழைத்தால் பேசுவாள் என்பதும் அதே நேரத்தில் மனதில் வந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்த இந்த மனதை என்ன செய்வது? எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

குழாயை எடுத்துவிட்டார்களாம். ஓரிரு வார்த்தை பேசுகிறாளாம். பெரியசாமி போனில் அழுதார். நானும் அழுதேன். புதன்கிழமை ஆய்வாளர் அவளைப் பார்க்கப் போகிறார், கூட நானும் வர வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

குழம்பில் உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

வார்டில் நாங்கள் மூவரும் போய் நின்றோம். துளசிமணியின் முகம் பாதிதான் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அந்தப் பாதி சிரித்தது.

ஆய்வாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் சொன்னதை அவளுக்கு நிதானமாகச் சொன்னார். ஒரு சிலிண்டர்தான், தீர்ந்தால் வெளியே வந்துவிட வேண்டும், இரண்டாவது எடுக்கக் கூடாது என்று உனக்குச் சொல்லியிருந்தார்களாம், அப்படியா அம்மா?

அவள் ஆய்வாளரைப் பார்த்தாள். மேனேஜரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம். நான் அவள் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாங் சார்" என்றாள். குரல் குரலாகவே இல்லை, சருகு. "லீலாக்கா சொன்னாங். நாந்தான் கேக்கலைங்."

பெரியசாமி தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போனார். ஆய்வாளர் எழுதிக்கொண்டு எழுந்தார். மேனேஜர் அவரோடு போனார், போகும்போது என் தோளருகே நின்று, "முடிஞ்சுதுங் மேடம்" என்று மெதுவாகச் சொன்னார். நானும் கிளம்பியிருப்பேன். கட்டுப்போட்ட கை என் சேலையை உரசியது.

"லீலாக்கா."

குனிந்தேன்.

"நெசமாவே அப்படி ஒண்ணு இருந்துச்சுங்களா?"

"இருந்தது" என்றேன்.

யோசித்தாள். கோபமில்லை. பாடத்தில் ஒரு வரி புரியாதவள் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"அப்பறம் ரெண்டாவது சிலிண்டரக் கயிறவுத்து என்ற கையில எதுக்குங்க்கா குடுத்தீங்க?"

அக்டோபர் 16, வியாழன்

தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகம். பத்து மணிக்குத் திறக்கும் என்று பலகையில் இருக்கிறது. ஒன்பதுக்கே வந்து வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வீட்டில் அவரிடம், வேலை போகும் என்று காலையில் சொன்னேன். போகட்டும், நீ தூங்கி எத்தனை நாளாகிறது என்றார்.

மேனேஜர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். எடுக்கவில்லை. ஆயுத பூஜை, பிளக் பாயின்ட், மேனேஜரின் சிரிப்பு என்று வழியெல்லாம் காரணங்களை அடுக்கிக்கொண்டே வந்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் சுற்றிச் சுற்றி அந்த இரண்டாவது சிலிண்டரில்தான் வந்து நிற்கிறது. மஞ்சள் கயிற்றை அவிழ்த்தது இந்தக் கைதான். கொடுக்கும்போது நான் அவளிடம் ஒன்று சொன்னேன். அதை அவள் நேற்று கேட்கவில்லை. மறந்திருக்க மாட்டாள், என்னை விட்டுவிட்டாள்.

"அணையிற வரைக்கும் விடாதட்டி" என்றுதான் சொன்னேன்.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கிறது. கதவைத் திறக்கிறார்கள்.